ஆண் குரலில் பெண்மொழி: பிட் ஷா தர்காவின் ‘ஷா ஜோ ராக்’ இசையிரவு மரபு

ஆய்வுச் சுருக்கம்

சிந்து மாகாணத்தின் பிட் ஷா என்னும் சிற்றூரில், சூஃபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீஃபின் அடக்கத்தலத்தின் முன்னர் ஃபகீர்கள் இரவுதோறும் அவருடைய பாடல்களைப் பாடி வருகின்றனர். ‘ஷா ஜோ ராக்’ எனப்படும் இம்மரபில் பாடுவோர் ஆண்கள்; பாடல்களிற் பெரும்பகுதி பெண் கூற்று. இந்த முரணை இசையின் அமைப்பே தாங்கி நிற்கிறது என்பதையும், அச்சு நூலை மட்டும் கொண்டு ‘ரிசாலோ’வைப் படிப்போர் அதனைக் காண இயலாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: சூஃபி இசை, ஷா அப்துல் லத்தீஃப், ரிசாலோ, சுர், வாயீ, கூற்று மரபு, தன்மை வினை.

மணல்மேட்டு ஊர்

சிந்தி மொழியில் ‘பிட்’ என்பது மணல்மேட்டைக் குறிக்கும். ஹாலாவை அடுத்து, இன்றைய மட்டியாரி மாவட்டத்தில் உள்ள அத்தகைய மேடொன்றில் ஷா அப்துல் லத்தீஃப் (1689–1752) தம் பிற்காலத்தில் சீடர்களுடன் குடியேறினார். ஊரின் பெயர் அம்மேட்டாலும் அவராலும் அமைந்தது. அவருடைய முப்பாட்டனார் புல்றி ஷா அப்துல் கரீமும் சிந்தியில் பாடிய சூஃபியே. திருக்குர்ஆன், ரூமியின் மஸ்னவி, கரீமின் பாடல்கள் ஆகிய மூன்றையும் லத்தீஃப் எப்போதும் உடன் வைத்திருந்தார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பாரசீகம் அரசவை மொழியாகவும் சமயக் கல்வியின் மொழியாகவும் விளங்கிய காலத்தில் உழவரும் மீனவரும் நெசவாளரும் பேசிய சிந்தியில் பாடியவர் அவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

லத்தீஃபின் நினைவு நாள் சஃபர் மாதம் 14. அதனையொட்டி மூன்று நாள் ‘உர்ஸ்’ நடைபெறுகிறது. சிந்துவின் பல பகுதிகளிலிருந்தும் பெருந்திரள் கூடுகிறது. சந்தை, மற்போர், இலக்கியக் கருத்தரங்கு, மேடைக் கச்சேரி என விழா ஊர் முழுவதும் பரவுகிறது. ஆயினும் இவற்றுள் எதுவும் மரபின் மையமன்று. அடக்கத்தலத்தின் வாயிலை நோக்கி முற்றத்தில் அமரும் சிறு ஃபகீர் வட்டமே மையம். அவ்வட்டம் உர்ஸ் நாளுக்கெனக் கூடுவதன்று. ஆண்டு முழுவதும் இரவுகளில் கூடுவது. வியாழன் இரவு அதற்குத் தலையாயது. விழாவை மட்டும் கண்டு திரும்புவோர் கூட்டத்தைக் காண்பர். இசையை அறிய வேண்டுமாயின் கூட்டம் குறைந்த ஒரு வியாழன் இரவே உகந்தது.

பாடும் முறை

கறுப்பு உடை அணிந்த ஃபகீர்கள் அரைவட்டமாக அமர்வர். முகம் அடக்கத்தலத்தை நோக்கியிருக்கும். கேட்போர் பக்கங்களிலும் பின்புறத்திலும் இருப்பர். இந்த இருக்கை முறையே இசையின் நோக்கத்தைப் புலப்படுத்திவிடுகிறது. பாடல் கேட்போர்க்குச் செலுத்தப்படுவதன்று. தர்காவினுள் உறையும் ஞானிக்குச் செலுத்தப்படுவது. கேட்போர் அதனை உடனிருந்து கேட்கின்றனர். கைதட்டுக்கு இங்கு இடமில்லை.

கருவி ஒன்றே: தன்பூரோ. ஐந்து நரம்புகள் கொண்ட, நீண்ட கழுத்துடைய யாழ்வகைக் கருவி இது. முன்னிருந்த வடிவத்தில் ஐந்தாம் நரம்பைச் சேர்த்தவர் லத்தீஃபே என்பர். பெயரளவில் நம் தம்புராவுக்கு உறவாயினும் தொழிலளவில் இது வேறு. சுருதி தருவதோடு இதன் வேலை முடிவதில்லை. நரம்பை மீட்டும் விரல்களே கருவியின் முகப்பலகையையும் தட்டுகின்றன. ஆகவே சுருதியும் தாளமும் ஒரே கருவியிலிருந்து எழுகின்றன. முழவு, ஆர்மோனியம், கைத்தாளம் ஆகியன இல்லாமலேயே இசை நடப்பதற்கு இதுவே காரணம். சூஃபி இசை என்றதும் கவ்வாலியை நினைப்போர்க்கு இவ்வேறுபாடு உடனே புலனாகும். கவ்வாலி கைத்தட்டலாலும் திரும்பத் திரும்ப வரும் அடிகளாலும் கேட்போரைப் பரவசத்தை நோக்கி உந்துவது. இதே சிந்துவில் ஸேஹ்வானிலுள்ள லால் ஷாபாஸ் கலந்தரின் தர்காவில் முரசொலிக்கேற்ப ஆடும் ‘தமால்’ நிகழ்கிறது. பிட் ஷாவில் உந்துதல் இல்லை; தாங்குதலே உண்டு. துயரைத் தீர்த்துவிடாமல் நெடுநேரம் குரலில் நிறுத்திவைக்கும் இசை இது.

இவ்விசையின் தனித்தன்மை குரல் நிலைகளில் உள்ளது. ஃபகீர்கள் இயல்பான ஆண்குரலிலும், அதற்கு மேலே மிக உயர்ந்து எழும் மென்மையான பொய்க்குரலிலும் மாறிமாறிப் பாடுகின்றனர். முதன்முறை கேட்போர்க்கு அவ்வுயர்குரல் அழுகையோ கூவலோ என்ற ஐயம் எழக்கூடும். பாடல்களில் வரும் பெண்களின் ஓலமே அக்குரல் என்று மரபினர் விளக்குவர். பாடுவோரின் ஆற்றலைக் காட்டும் அணியாக இதனைக் கொள்வது பிழை. உயர்குரலை நீக்கிவிட்டால் கூற்று யாருடையது என்ற குறிப்பே பாட்டிலிருந்து நீங்கிவிடும்.

சுர் என்னும் அலகு

லத்தீஃபின் பாடற்றொகுதி ‘ஷா ஜோ ரிசாலோ’ எனப்படும். அதன் உட்பிரிவு ‘சுர்’. பொதுவாக ஏற்கப்பட்ட சுர்கள் 30. சுவடிகளிலும் பதிப்புகளிலும் இவ்வெண்ணிக்கை கூடியும் குறைந்தும் காணப்படுகிறது. சுர் என்பது பண்ணையும் குறிக்கும், அப்பண்ணில் பாடப்படும் பாடற்பகுதியையும் குறிக்கும். கல்யாண், கேதாரோ, ராம்கலி, பிலாவல் போன்றவை இந்துஸ்தானி இசையிலும் வழங்கும் பெயர்கள். ஆனால் பெயர் ஒத்திருப்பதால் இசை வடிவமும் ஒன்றென்று கொள்ளலாகாது. மாருயி, சோஹ்ணி, ஸாமூண்டி, காப்பாயிதி, காத்து போன்றவை கதைமாந்தரையோ தொழிலையோ ஒட்டி வந்த பெயர்கள். ஸாமூண்டி கடலோடிகளின் மனைவியர் கரையில் காத்திருப்பதைப் பாடுவது. காப்பாயிதி நூல் நூற்கும் பெண்ணைப் பாடுவது. காத்து கடலில் மாண்ட மீனவரைப் பாடுவது. சாரங் மழைக்கு ஏங்குவது. கேதாரோ கர்பலாத் துயரைப் பாடுவது.

பண்முறையால் தொகுக்கப்பட்ட தேவாரத்தை அறிந்த தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வமைப்பு அயலானதாகத் தோன்றாது. ஒரு வேறுபாட்டை மட்டும் மனங்கொள்ள வேண்டும். தேவாரத்தில் ஒரே பண்ணில் வெவ்வேறு தலங்களும் பொருள்களும் அமையலாம். ரிசாலோவிலோ பண்ணும் பொருளும் பெரும்பாலும் பிரியாது நிற்கின்றன. சுரின் பெயரைக் கேட்ட அளவில் எந்த நிலம், எந்தப் பெண், எவ்வகைத் துயர் என்பது கேட்போர்க்குத் தெரிந்துவிடும்.

சுரினுள் பாடல்கள் இருவகை. ‘பைத்’ தோஹா வழிவந்த சிறு செய்யுள். சிந்தி பைத்தில் இயைபு அடியிறுதியில் மட்டுமன்றி அடிநடுவிலும் விழுவதுண்டு. ‘வாயீ’ பல்லவி போன்ற மீள்வரியுடைய இசைப்பாட்டு. ஃபகீர்கள் பைத்துகளை ஒருவர் பின் ஒருவராகத் தாளக்கட்டின்றி நீட்டிப் பாடுவர். பகுதி முடியுமிடத்து வாயீயை அனைவரும் கூடி எடுப்பர். அப்போதுதான் தன்பூரோவின் தட்டொலி ஓங்குகிறது. தனித்தனித் துயர்களாக வந்தவை வாயீயில் பொதுத் துயராகக் கூடுகின்றன. அச்சுப் பக்கத்தில் வாயீ பைத்துகளின் இறுதியில் வரும் மற்றொரு பாட்டு. முற்றத்தில் அதுவே கூட்டத்தின் குரல்.

தன்மை வினையும் பால் அடையாளமும்

லத்தீஃப் கதை சொல்வதில்லை. சோஹ்ணியின் சுர் அவள் ஆற்றில் இறங்கும் இடர்ப்பொழுதிலேயே தொடங்கிவிடுகிறது. காதலன் மேஹாரைக் காண இரவுதோறும் சுட்ட பானையைப் பற்றிச் சிந்துவை நீந்திக் கடந்தவள் அவள். ஓரிரவு நாத்தனார் சுடாத பானையை மாற்றி வைக்க, அது நீரில் கரைய மூழ்கி மாண்டாள். இக்கதையைக் கேட்போர் முன்பே அறிவர். ஆகையால் கவிஞர்க்கு வேண்டியது கூற்று நிகழும் கணம் மட்டுமே. கதையைப் பின்னிறுத்திக் கூற்றை முன்னிறுத்தும் இம்முறை அகப்பாடல்களைப் பயின்றோர்க்குப் பழக்கமானது.

ஆனால் மொழியமைப்பில் கருதத்தக்க வேற்றுமை ஒன்றுண்டு. தமிழில் தன்மை வினைமுற்று பால் காட்டாது. ‘வந்தேன்’ என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. எனவே அகப்பாடலில் கூற்று யாருடையது என்பதை விளிச்சொல்லாலும் சூழலாலும் உய்த்துணர வேண்டியுள்ளது. துறைக்குறிப்புகள் அவ்வுணர்வுக்குத் துணையாயின. சிந்தியில் எச்சவடிவின் அடியாக அமையும் வினைகள் தன்மையிலும் ஆண்பால், பெண்பால் வேறுபாட்டைக் காட்டுகின்றன. எனவே சசுயியின் பைத்தைப் பாடும் ஃபகீர் பெண்பால் வினையைத் தன் வாயாற் சொல்லியே ஆக வேண்டும். உயர்குரல் இவ்விலக்கணத்தின் இசைவடிவம் என்று கொள்ள இடமுண்டு. சொல்லில் ஏற்கெனவே உள்ள பாலைக் குரலும் ஏற்கிறது.

சூஃபி மரபு முழுவதற்கும் இது பொதுவன்று. பாரசீகக் கவிதையில் காதலிப்பவனும் பெரும்பாலும் ஆணே. இறைவன் லைலாவாக உருவகிக்கப்படும்போது ஆன்மா மஜ்னூன் ஆகிறது. சிந்துவிலும் பஞ்சாபிலும் ஆன்மா பெண்ணாகிறது. லத்தீஃபை ஆராய்ந்த ஆன்மரி ஷிம்மல் இதனை இந்தியத் துணைக்கண்டச் சூஃபியரின் சிறப்புக்கூறாகக் கண்டார். தமிழ்ச் சூஃபியரிடையே குணங்குடி மஸ்தான் சாகிபு தம் ‘மனோன்மணிக் கண்ணி’யில் பரம்பொருளைப் பெண்ணாக விளித்துப் பாடியது முதல் நெறியை ஒட்டியது. லத்தீஃபுக்கு நெருக்கமானவர் அவ்வகையில் நம்மாழ்வாரே. ஆண் கவிஞர் தலைவியாகிப் பாடியதை ஆண்களே சந்நிதியில் பாடி நடிக்கும் அரையர் சேவையும் பிட் ஷாவின் முற்றமும் ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள்; ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததென்று காட்டச் சான்றில்லை, காட்ட முயல்வதும் வேண்டாத வேலை.

சசுயியின் நடை

முப்பது சுர்களுள் ஐந்து சசுயி ஒருத்திக்கே உரியவை: ஆப்ரி, மாஸூரி, தேஸி, கோஹியாரி, ஹுஸைனி. பாம்போரில் சலவைத் தொழிலாளர் வீட்டில் வளர்ந்த சசுயியைக் கேச் நாட்டுப் புன்ஹூன் மணந்தான். அவனுடைய உடன்பிறந்தார் இரவில் அவனை மயக்கி ஒட்டகத்திலேற்றிக் கொண்டுசென்றனர். விழித்தெழுந்த சசுயி பாலையும் மலையும் கடந்து தனியே நடந்தாள். இறுதியில் நிலம் பிளந்து அவளை ஏற்றது. ஐந்து சுர்களிலும் நிகழ்வது அந்த நடை மட்டுமே. அவள் தூங்கிப்போன குற்றம் ஞானநெறியில் மறதியாகிறது. வெளியே தேடிய புன்ஹூன் தன்னுள்ளேயே இருந்தான் என்னும் தெளிவு நடையின் நடுவே பிறக்கிறது. அத்தெளிவுக்குப் பின்னும் அவள் நடப்பதை நிறுத்தவில்லை என்பதே லத்தீஃபின் தனித்திறன்.

இதனைப் ‘பாலைத்திணை’ என்று பெயரிட்டு அமைந்துவிடுவது எளிது. ஒப்பீட்டுக் கட்டுரைகள் பலவும் அத்தகைய எளிமையில் நின்றுவிடுகின்றன. சங்கப் பாலையில் தனியே பிரிந்து செல்பவன் தலைவன். தலைவி ஆற்றியிருப்பாள் அல்லது அவனுடன் போவாள். உடன்போன மகளைத் தேடிச் சுரம் செல்பவள் செவிலி. தலைவனைத் தேடித் தலைவி தனியே நடப்பது பொதுமரபுக்குள் அடங்காதது. அடங்காதவர்களும் இருந்தனர். காவிரி கொண்டுசென்ற ஆட்டனத்தியைத் தேடி அலைந்த ஆதிமந்தியை அகநானூறு மீண்டும் மீண்டும் நினைக்கிறது. அவளைப் பாடியோருள் ஒருவரான வெள்ளிவீதியாரையே அவ்வாறு தேடித் திரிந்தவராக ஔவையார் சுட்டுகிறார். சசுயிக்கு இணை தேடுவதாயின் பாலைத்தலைவியிடமன்று, இவ்விருவரிடமே தேட வேண்டும். தமிழ் மரபு எடுத்துக்காட்டாக மட்டும் சுட்டிச் சென்ற ஒரு நிலையைச் சிந்தி மரபு ஐந்து சுர்களாக விரித்துள்ளது.

மாருயியின் நிலை இதற்கு மறுதலை. உமர்கோட்டை மன்னன் உமரால் கிணற்றடியிலிருந்து கவர்ந்து செல்லப்பட்ட அவள் கோட்டையைவிட்டு நகரவே இயலாதவள். பட்டாடையை மறுத்துத் தன் ஒட்டுப்போட்ட போர்வையை விடாமல், கூந்தலைக் கழுவாமல் இருப்பதே அவளுடைய செயல். சசுயி நடக்கிறாள், மாருயி அசையாதிருக்கிறாள்; இரண்டும் இசைவின்மையின் வடிவங்கள்.

மனனமும் அச்சும்

ரிசாலோ நூலான வரலாற்றிலும் ஒரு பெண் நிற்கிறாள். லத்தீஃப் தம் பாடல்கள் எழுதப்பட்ட ஏடுகளைக் கிராட் ஏரியில் எறிந்துவிட்டதாகவும், சீடர் வருந்தவே அவற்றை மனப்பாடமாக அறிந்திருந்த மாயி நியாமத் என்பவளைச் சொல்லச் செய்து மீண்டும் எழுதுவித்ததாகவும் ஓர் ஐதிகம் வழங்குகிறது. ‘கஞ்ச்’, அதாவது கருவூலம், என்று போற்றப்படும் சுவடியின் தோற்றத்தை இக்கதையோடு இணைப்பர். இது வரலாறு என்று கொள்ளத்தக்கதா என்பது வேறு வினா. ஆண்கள் மட்டுமே பாடிவந்த மரபு தன் மூலபாடத்தை ஒரு பெண்ணின் நினைவாற்றலுக்குக் கடன்பட்டதாகச் சொல்லிக்கொள்வதே இங்குக் கருதத்தக்கது.

அச்சின் வரலாறு 1866இல் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ட்ரம்ப் வெளியிட்ட பதிப்போடு தொடங்குகிறது. ஜெர்மானிய மொழியறிஞரான அவருக்கு ரிசாலோ முதன்மையாக மொழிச்சான்று. பின்னர் குர்பக்‌ஷாணி 1923 முதல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பு சிந்தி உலகில் நூலை நிலைபெறச் செய்தது. பதிப்பாசிரியர் எது லத்தீஃபுடையது, எது பிறருடையது என்று ஆய்ந்து களைந்தனர். பதிப்பு நெறிப்படி அது முறையே. எனினும் ஃபகீர்களுக்குப் பாட்டின் உரிமை ஆசிரியரைப் பொறுத்தது மட்டுமன்று. அது எந்தச் சுரில், எந்த இரவில், யாரிடம் கேட்டுக் கற்கப்பட்டது என்பதையும் பொறுத்தது. 1947க்குப் பின் இந்தியாவுக்குப் பெயர்ந்த சிந்தி இந்துக்கள் ரிசாலோவை நூலாகக் கொண்டுவந்தனர். முற்றத்தைக் கொண்டுவர இயலவில்லை. ஒரே நூலுக்கு இருவகை வாழ்வு அமைந்தது இவ்வாறே.

முற்றத்தில் பெண்கள்

பெண்கள் லத்தீஃபைப் பாடாதிருந்தனர் என்பதில்லை. அபிதா பர்வீன் போன்றோர் மேடையிலும் ஒலிப்பதிவிலும் அவர் பாடல்களை உலகறியச் செய்தனர். ஆயினும் அது ஆர்மோனியமும் தபலாவும் துணைவரும் கச்சேரி முறை; பாடுபவரின் தனித்திறன் அங்கு முன்னிற்கும். தன்பூரோ ஏந்தி ஃபகீர் வட்டத்தின் முறைப்படி பாடுவது வேறு. அம்முறை ஆண்களுக்கே உரியதாக நெடுங்காலம் இருந்தது. அண்மை ஆண்டுகளில் பெண்களுக்கும் அது கற்பிக்கப்பட்டு, அவர்கள் தர்காவிலேயே பாடியுள்ளனர்.

இதனைச் சமவுரிமைச் செய்தியாக மட்டும் பதிவுசெய்தால் இசையில் நிகழ்ந்த மாற்றம் கவனத்திலிருந்து தப்பிவிடும். ஆண் ஃபகீரின் உயர்குரல் தன் இயல்பைக் கடந்து எட்டும் குரல். அதில் கேட்கும் முறிவும் நடுக்கமும் பொருளின் பகுதி. ஆண் தன்னை விட்டு வெளியேறிப் பெண்ணாவதே ஆன்மா தன்னை இழப்பதன் குறியீடாக அங்கு நிற்கிறது. அதே சுருதியில் பெண்ணின் குரல் இயல்பாகவே நின்றுவிடும், எட்டுதல் தேவைப்படாது. அவளுக்கு முயற்சி கீழ்நிலைக் குரலில்தான் வேண்டியிருக்கும். அப்போது இரு குரல்நிலைகளின் பொருளும் இடம் மாறுகின்றன. பெண்பால் வினையைப் பெண்ணே சொல்லும்போது சசுயி ஆன்மாவின் உருவகமாக இருப்பதோடு, பாம்போரிலிருந்து தனியே நடந்த ஒருத்தியாகவும் கேட்கத் தொடங்குகிறாள். மரபில் மூத்தோர் சிலர் இம்மாற்றத்துக்குத் தயங்கினால் அதனைப் பழமைப்பிடிப்பு என்று மட்டும் ஒதுக்குதல் தகாது. உருவகம் தளரும் என்ற இசைசார்ந்த அச்சமும் அதில் இருக்கக்கூடும். மறுபுறம், காப்பாயிதியில் நூல் நூற்பவளும் ஸாமூண்டியில் கரையில் நிற்பவளும் லத்தீஃபின் காலத்துச் சிந்துவில் உருவகங்களாக இருந்தவர்கள் அல்லர். அவர்கள் பேசிய சொற்களையே அவர் பாட்டாக்கினார். முற்றத்தில் இப்போது தன்பூரோ ஏந்தி அமரும் பெண்கள் அந்தச் சொற்களைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள். பைத்தின் பெண்பால் வினை அவர்கள் வாயில் அன்றாட வினையாகவே ஒலிக்கிறது.